இரண்டு முறை பெயர் சொல்லி அழைக்கப்பட்டவள்

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி அமர்ந்திருக்கும் எதிரணிச் சகோதரிகளே, என் அணித் தோழியரே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம்.

"கிறிஸ்தவப் பெண்ணின் பக்தியை ஆழப்படுத்தும் முன்மாதிரி மரியாளா, மார்த்தாளா?" இதுதான் தலைப்பு. இயேசுவின் தாய் மரியாள் அல்ல இவள். பெத்தானியா ஊரில் லாசரு என்பவனோடு கூடப்பிறந்த சகோதரிகள் இருவர்; இயேசு வீட்டுக்கு வந்தபோது மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டாள், மார்த்தாள் வேலையில் ஓடினாள். மார்த்தாள் அணியில் பேசுகிறேன் என்று நான் பெயர் கொடுத்த அன்றே ஒரு சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், தோற்கிற கட்சியா உனக்குக் கிடைச்சது?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேன். தோற்கிற கட்சி என்று தெரிந்தும் வேலை செய்கிறவர்களுக்குத்தானே மார்த்தாள் என்று பெயர்!

எதிரணித் தலைவி மூன்று கணை தொடுத்தார். ஒன்று, ஆண்டவரே மரியாள் "நல்லபங்கைத் தெரிந்துகொண்டாள்" என்று லூக்கா 10-ல் தீர்ப்பு எழுதிவிட்டார், இனி பட்டிமன்றம் எதற்கு? இரண்டு, மரியாளின் கண்ணீரைக் கண்டுதான் இயேசு கண்ணீர் விட்டார். மூன்று, முந்நூறு பணம் பெறுமான தைலத்தைப் பாதத்தில் ஊற்றியவள் அவள். மூன்றும் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. இன்னும் ஒன்றை நானே சேர்த்துத் தருகிறேன். ஒருவர் பாதத்தருகே உட்காருவது என்றால் அந்தக் காலத்தில் அவரிடம் பாடம் கேட்பது. கமாலியேல் என்ற யூத ஆசானின் பாதத்தருகே வளர்ந்தேன் என்று பவுல் சொல்கிறாரே, அதே உட்காருதல்தான். ஆண்கள் மட்டும் உட்கார்ந்த இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்தாள், அவளை எழுப்பி அனுப்ப இயேசு சம்மதிக்கவில்லை. மரியாள் பெரியவள். அதில் எனக்கு வழக்கே இல்லை.

என் வழக்கு தலைப்பில் இருக்கிற ஒரு சொல்லைப் பற்றியது. 'ஆழப்படுத்தும்' என்று போட்டிருக்கிறீர்கள், நடுவர் அவர்களே. பக்தி யாரிடம் ஆழமாக இருந்தது என்று கேட்டிருந்தால் நான் மேடைக்கே வந்திருக்க மாட்டேன். ஆழமாவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு, மேலே நின்றவள் ஒருத்தி கீழே இறங்கிய படிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மரியாளைப் பாருங்கள். லூக்கா 10-ல் பாதத்தருகே. யோவான் 11-ல் பாதத்தில் விழுகிறாள். யோவான் 12-ல் பாதத்தில் தைலம் பூசுகிறாள். மூன்று காட்சி, மூன்றிலும் ஒரே இடம். முதல் காட்சியிலேயே ஆழத்தில் இருக்கிறாள். எப்படி அங்கே போனாள் என்று வேதம் சொல்லவில்லை. மார்த்தாள் விஷயத்தில் வேதம் ஒவ்வொரு படியையும் காட்டுகிறது.

முதல் படி, லூக்கா 10. வீட்டுக்குள் இயேசுவை ஏற்றுக்கொண்டவள் யார்? "மார்த்தாள் என்னும் பேர்கொண்ட ஒரு ஸ்திரீ அவரைத் தன் வீட்டிலே ஏற்றுக்கொண்டாள்." மரியாள் உட்கார ஒரு தரை கிடைத்ததே இவள் கதவைத் திறந்ததால். அரமேய மொழியில் அந்தப் பெயருக்கே வீட்டுத் தலைவி, எஜமானி என்று பொருள். பெயருக்கேற்றபடிதான் நடந்துகொள்கிறாள்: நேரே இயேசுவிடம் வந்து, "உமக்குக் கவையில்லையா? எனக்கு உதவிசெய்யும்படி அவளுக்குச் சொல்லும்" என்கிறாள். ஆண்டவருக்கே உத்தரவு!

நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் கவனியுங்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய் மரியாளைப் பற்றிப் புலம்பவில்லை. பாத்திரத்தை 'டம்' என்று வைத்துக் கோபத்தைக் காட்டவும் இல்லை. (நான் வைத்திருக்கிறேன். என் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.) மனத்தாங்கலை எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடத்துக்கே போனாள். அவள் ஜெபம் கோணலாக இருந்தது. போன இடம் சரியாக இருந்தது.

அதற்குக் கிடைத்த பதில் என்ன? "மார்த்தாளே, மார்த்தாளே." எதிரணியினர் இதைக் கண்டிப்பு என்று வாசித்தார்கள். நான் வேறு ஒரு பட்டியலில் வைத்து வாசிக்கிறேன். மோரியா மலையில் கத்தியை ஓங்கிய கை நிற்க, "ஆபிரகாமே, ஆபிரகாமே." முட்செடியிலிருந்து, "மோசே, மோசே." இரவில் ஆலயத்தில், "சாமுவேலே, சாமுவேலே." தமஸ்கு வழியில், "சவுலே, சவுலே." வாழ்க்கை திரும்புகிற முனையில் நிற்கிறவர்களைத்தான் வேதத்தில் இப்படி இரட்டைப் பெயர் சொல்லி மேலிருந்து அழைக்கிறார்கள். அந்த வரிசையில் இருக்கிற ஒரே பெண் மார்த்தாள்.

அவர் சொன்ன குறையும் வேலையைப் பற்றியது அன்று. "கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றார். லூக்கா அவள் நிலையைச் சொல்லப் பயன்படுத்துகிற கிரேக்கச் சொல்லுக்கு நாலாபக்கமும் இழுபடுவது என்று பொருள். அவள் செய்த வேலைக்கு அவர் எழுதுகிற சொல்லோ 'தியாக்கோனியா'. ஊழியம். மனுஷகுமாரன் ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்யவே வந்தார் என்கிற வசனத்தில் இருப்பதும் அதே வேர்ச்சொல். ஆண்டவர் தமக்கு வைத்துக்கொண்ட சொல்லை அவள் கைவேலைக்கும் கொடுத்திருக்கிறது வேதம். நாம்தான் அதை எடுத்துவிட்டு 'அடுப்படி' என்று போட்டுக்கொண்டோம். அந்தப் பகுதியை வீட்டுக்குப் போய் வாசித்துப் பாருங்கள், அடுப்பும் இல்லை, சமையலும் இல்லை.

இரண்டாம் படி, யோவான் 11. இங்கேதான் எதிரணியினர் வேகமாகத் தாண்டிப் போனார்கள். லாசரு இறந்து நான்கு நாள். வியாதி என்று ஆள் அனுப்பியும் இயேசு இரண்டு நாள் தாமதித்தார். இப்போது வருகிறார். வசனம் 20: "இயேசு வருகிறார் என்று மார்த்தாள் கேள்விப்பட்டபோது, அவருக்கு எதிர்கொண்டுபோனாள், மரியாளோ வீட்டிலே உட்கார்ந்திருந்தாள்." நடுவர் அவர்களே, உட்காருவதுதான் எப்போதும் நல்ல பங்கு என்றால் இந்த வசனத்தை என்ன செய்வது?

ஊருக்கு வெளியே, வழியில் நின்று அவள் சொல்கிறாள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." பின்னால் மரியாளும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறாள். மரியாளின் வாக்கியம் அதோடு அழுகையில் முடிகிறது. மார்த்தாள் மேலே ஒரு வாக்கியம் சேர்க்கிறாள்: "இப்பொழுதும் நீர் தேவனிடத்தில் கேட்டுக்கொள்ளுவதெதுவோ அதைத் தேவன் உமக்குத் தந்தருளுவாரென்று அறிந்திருக்கிறேன்." அன்றைக்கு "அவளுக்குச் சொல்லும்" என்று ஆண்டவருக்கு வேலை பிரித்துக் கொடுத்த வாய், இன்றைக்கு "எதுவோ அதை" என்று அவரிடமே விட்டுவிடுகிறது. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் நான் ஆழம் என்கிறேன்.

அடுத்து வருகிறது பாருங்கள். "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்." எத்தனை அடக்க ஆராதனைகளில் கேட்ட வசனம்! இதை ஆண்டவர் மலைமேல் நின்று கூட்டத்துக்குப் போதிக்கவில்லை. பன்னிரு சீஷரைக் கூட்டி வைத்தும் சொல்லவில்லை. அழுது வீங்கிய கண்ணோடு வழியில் நின்ற ஒரு பெண்ணிடம் சொன்னார், சொல்லிவிட்டு, "இதை விசுவாசிக்கிறாயா" என்று கேட்டார். அவள் பதில்: "ஆம் ஆண்டவரே, நீர் உலகத்தில் வருகிறவரான தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று நான் விசுவாசிக்கிறேன்." மத்தேயு 16-ல் பேதுரு செய்த அறிக்கை இது. அந்த அறிக்கையைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! யோவான் தன் சுவிசேஷத்தை எதற்காக எழுதினேன் என்று 20-ஆம் அதிகாரக் கடைசியில் சொல்கிறார் அல்லவா, இயேசு தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து என்று நீங்கள் விசுவாசிக்கும்படிக்கு என்று? அந்த முழு வாக்கியத்தையும் ஒன்பது அதிகாரம் முன்னாலேயே சொல்லிவிட்டவள் மார்த்தாள்.

அதன்பின் போய் மரியாளை இரகசியமாய்க் கூப்பிடுகிறாள்: "போதகர் வந்திருக்கிறார், உன்னை அழைக்கிறார்." தங்கச்சியைப் பாதத்தருகே இருந்து எழுப்பப் பார்த்த அதே பெண், இப்போது அந்தப் பாதத்துக்கே அவளை அனுப்பி வைக்கிறாள். (யார் மூத்தவள் என்று வேதத்தில் இல்லை. தங்கச்சி என்பது என் வாயில் வந்துவிட்டது, அதிகாரம் அப்படி.) எதிரணித் தலைவி பெருமையாகச் சொன்னாரே, மரியாளின் கண்ணீர் இயேசுவைக் கலங்க வைத்தது என்று? அந்தக் கண்ணீரை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தவள் எங்கள் கட்சிக்காரி.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம். இரண்டு நிமிடம் போதும்.

என் மாமியார் படுக்கையில் விழுந்து இரண்டு வருடம் கிடந்தார். அந்த இரண்டு வருடமும் நான் சரியாக உட்கார்ந்து வேதம் வாசித்த நாள் மிகக் குறைவு. பெண்கள் கூட்டத்துக்குப் போவது நின்றது. ஒருநாள் என்னைப் பார்க்க வந்த ஒருவர் அன்பாகத்தான் சொன்னார்: "நீங்க மார்த்தாளா மாறிட்டீங்க, கொஞ்சம் மரியாளா இருக்கப் பாருங்க." அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஒரு கையால் தோளைத் தாங்கிக்கொண்டு, நனைந்த விரிப்பைப் பாதிவரை சுருட்டி, புதியதை அதன் பக்கத்தில் விரித்து, அப்புறம் அவரை மறுபக்கம் திருப்பி உருவ வேண்டும். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைக்கும்போது, தினமும் போலக் கேட்பார்: "யாரு?" "நான்தாம்மா." ஓர் இரவில் அந்த அறையின் வாடை முகத்தில் அடித்தபோது, திடீரென்று ஒரு வசனம் ஞாபகம் வந்தது: "ஆண்டவரே, இப்பொழுது நாறுமே."

மார்த்தாள் சொன்னது! அறிக்கை செய்த வாய்தான், பன்னிரண்டே வசனம் கழித்து, கல்லறை வாசலில், நாலு நாளாயிற்றே, நாறுமே என்கிறது. பலர் இதை அவிசுவாசம் என்பார்கள். ஒரு உடம்பைக் கழுவித் துடைத்துப் பழகியவளுக்குத்தான் இந்த வார்த்தை வாயில் வரும். அவ்வளவு பெரிய விசுவாச அறிக்கையும் இந்த 'நாறுமே'யும் ஒரே பெண்ணுக்குள் இருக்கலாம், அப்படி இருக்கிறவளை இயேசு விலக்கவில்லை, "நீ விசுவாசித்தால் தேவனுடைய மகிமையைக் காண்பாய் என்று நான் உனக்குச் சொல்லவில்லையா" என்று மறுபடி ஞாபகப்படுத்துகிறார். அன்றைக்கு அந்தக் கட்டிலின் ஓரத்தில் நின்றபடியே ஜெபித்தேன். முழங்காலிடக்கூட இடமில்லை. இரண்டு வருடத்தில் நான் செய்த உருப்படியான ஜெபம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூன்றாம் படி, யோவான் 12. யூதரின் பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாள் முன். அதே பெத்தானியா. விருந்து. உயிரோடு எழுந்த லாசரு பந்தியில் இருக்கிறான். மார்த்தாளைப் பற்றி இரண்டே சொல்: "மார்த்தாள் பணிவிடைசெய்தாள்." அவளை வேலையிலிருந்து விடுவித்து உட்கார வைத்தால்தான் பக்தி என்றிருந்தால், இங்கே அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லை. அதே வேலை. அதே தியாக்கோனியா. மரியாளோ முன்பு சும்மா உட்கார்ந்திருந்தவள், இப்போது ஒரு இராத்தல் விலையேறப்பெற்ற தைலத்தைக் கவிழ்க்கிறாள். ஒரு நாள் கூலி ஒரு பணம் என்றால் முந்நூறு பணம் ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம். லூக்கா 10-ன் மார்த்தாள் இதைப் பார்த்திருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும்!

முறையீடு எழுகிறது. யார் வாயிலிருந்து? யூதாசின் வாயிலிருந்து. மார்த்தாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதே தங்கை, அதே பாதம், முன்னைவிடப் பெரிய 'வீண்செலவு'. இவளிடம் முணுமுணுப்பு இல்லை. கை அதே வேலையைச் செய்கிறது, உள்ளே இழுபட்டது எதுவோ அது நின்றுவிட்டது. வீடு முழுவதும் தைலத்தின் பரிமளத்தினால் நிறைந்தது என்கிறார் யோவான். 'நாறுமே' என்றவளின் மூக்கிலும் அந்தப் பரிமளம் ஏறியிருக்கும், பரிமாறிக்கொண்டிருக்கும்போதே.

இது என் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 16-ஆம் நூற்றாண்டில் அவிலாவின் தெரேசா, மணிக்கணக்கில் தியானத்தில் இருந்த கன்னியாஸ்திரீ, ஆண்டவரை வீட்டில் தங்கவைக்க மார்த்தாளும் மரியாளும் சேர்ந்தே ஆகவேண்டும் என்று தன் சகோதரிகளுக்கு எழுதினார். பாத்திரங்களுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்றும் எழுதினார்.

சேர்ந்தே ஆகவேண்டும் என்றால் உங்கள் அணிக்கென்ன வெற்றி என்று எதிரணிச் சகோதரி சிரிப்பது தெரிகிறது. சொல்கிறேன். மரியாளை நான் பார்க்கும்போது எனக்கு ஆசை வருகிறது. மார்த்தாளைப் பார்க்கும்போது எனக்கு வழி தெரிகிறது. நாளைக் காலையில் எழுந்து பிள்ளைகளை அனுப்பி, வேலைக்கு ஓடி, முடியாதவர்களைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு நீங்கள் எதைக் காட்டப் போகிறீர்கள், நடுவர் அவர்களே?

மணி அடித்துவிட்டது, முடித்துக்கொள்கிறேன். கூட்டம் கலைந்ததும் பின்கட்டில் கழுவ ஒரு மலை பாத்திரம் கிடக்கிறது, இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். எதிரணியினரும் வரலாம். நடுவர் அவர்கள் தீர்ப்பை அங்கே வந்து, கையில் ஒரு துண்டோடு சொன்னாலும் எங்கள் அணிக்கு ஆட்சேபணை இல்லை. நன்றி, வணக்கம்.