பரணில் கிடக்கும் ஸ்பீக்கரை 2.1 செட்டோடு முறுக்கி மாட்டலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மட்டும் என்னை விடவே இல்லை. திருநெல்வேலியிலிருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கிறார். கம்ப்யூட்டருக்கு ஒரு 2.1 செட் வைத்திருக்கிறார், அதாவது ஒரு ஊஃபர் பெட்டி, இரண்டு பக்கமும் இரண்டு சின்ன ஸ்பீக்கர். பழைய டேப் செட்டின் பெரிய பெட்டிகள் இரண்டு பரணில் சும்மா கிடக்கின்றன. அவற்றையும் சின்ன ஸ்பீக்கருக்குப் போகும் அதே ஒயரில் முறுக்கி மாட்டினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகுமா, அந்த ஜோடியை ஹாலில் அப்பா பாட்டு கேட்பதற்கு வைக்கலாமா என்று கேட்கிறார். பழையதைத் தூக்கிப் போட மனசு வராமல், அதை அப்பாவுக்குப் பயன்படும்படி செய்ய வேண்டும் என்று நினைக்கிறாரே, அதற்காகவே இதை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் நேரடியான பதில். அப்பாவுக்கு ஹாலில் வைக்கலாம், தாராளமாக. ஆனால் அதே ஒயரில் முறுக்கி மாட்ட வேண்டாம். சத்தம் இரண்டு மடங்கும் ஆகாது.

ஓம் விதி பற்றிப் பேசிய வீடியோவைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நான் எதைச் சொல்வேன் என்று தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன், இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். சக்தியைக் கொடுப்பது ஊஃபர் பெட்டிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் வாங்கிக்கொள்கிற ஆள், அவ்வளவுதான். கூட இரண்டு ஸ்பீக்கர் வந்தால் வாங்குகிற கை கூடுகிறதே தவிர, கொடுக்கிற கை அதேதான்.

அவருடைய சின்ன ஸ்பீக்கரில் 4 ஓம் என்று போட்டிருக்கிறதாம், அதாவது அதன் மின்தடை அளவு. அந்த ஆம்ப்ளிஃபயர் 8 வோல்ட் கொடுக்கிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 8-ஐ 8-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 16 வாட், கரண்ட் 2 ஆம்பியர். இப்போது இன்னொரு 4 ஓம் ஸ்பீக்கரை அதே ஒயரில் இணையாக முறுக்குகிறீர்கள். ஆம்ப்ளிஃபயருக்குத் தெரிவது இப்போது 2 ஓம். அதே 8 வோல்ட்டுக்கு 32 வாட், 4 ஆம்பியர். இது ஒரு பக்கத்துக்கு மட்டும், மறு பக்கத்திலும் இதே கதை. அந்த ஊஃபர் பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இதில் பாதிக்குக் கணக்குப் போட்டுச் சுற்றியது. ஆம்ப்ளிஃபயர் வேலையைச் செய்யும் ஐசி டிடிஏ2030 மாதிரி நல்ல வகையாக இருந்தால், சூடு ஏறியதும் அதுவே தன்னை நிறுத்திக்கொள்ளும், ஆறியதும் திரும்பப் பாடும். பாட்டு நடுவில் நின்று நின்று வருகிறது என்று நிறைய பேர் எழுதுகிறீர்களே, அதற்கு ஒரு காரணம் இதுதான். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பாதுகாப்பு எல்லா செட்டிலும் இருக்காது, அது கருகத்தான் செய்யும்.

சரி, தொடராக மாட்டினால்? அதாவது ஒன்றின் மைனஸிலிருந்து அடுத்ததன் பிளஸ்ஸுக்கு. 4-உம் 4-உம் சேர்ந்து 8 ஓம், ஆம்ப்ளிஃபயருக்கு ஆபத்து இல்லை, ஆனால் அது கொடுப்பதே 8 வாட்டாகக் குறைகிறது, ஆளுக்கு 4. அதோடு வேறு வேறு வகை ஸ்பீக்கரைத் தொடராகப் போட்டால் ஒன்றின் மின்தடையில் வரும் ஏற்ற இறக்கம் இன்னொன்றின் ஒலியையும் கெடுக்கும். எனக்கு அது பிடிக்காது.

இன்னொன்று, வாட்ஸ் இரண்டு மடங்கு ஆனாலும் காதுக்கு இரண்டு மடங்கு கேட்காது. வாட்ஸ் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு), உற்றுக் கேட்டால் தெரியும் அளவு. காது ‘ரெண்டு மடங்கு சத்தம்’ என்று ஒத்துக்கொள்ள ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் ஆகும். 10 வாட் செட்டை இரண்டு மடங்கு சத்தமாக்க 100 வாட்! இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இந்த இடத்தில் உடனே ஒருவர் கேட்பார், எப்போதும் கேட்கிறார்கள்: ‘அண்ணே, கோயில் கொடையில் மைக் செட்காரர் ஒரே ஆம்ப்ளிஃபயரில் தெரு முழுக்கக் குழாய் கட்டுகிறாரே, அது எப்படி?’ அருமையான கேள்வி. அந்த அஹுஜா கம்பெனி மாதிரி மைக் செட் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், 4 ஓம், 8 ஓம், 16 ஓம் என்பதோடு 70 வோல்ட், 100 வோல்ட் என்றும் தனித் திருகுகள் இருக்கும். தெருவுக்குப் போகும் ஒயரில் ஓடுவது அந்த 100 வோல்ட் லைன். ஒவ்வொரு குழாயோடும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. 10 வாட்டுக்கு வைத்த ஒரு குழாய், அந்த லைனுக்கு 1000 ஓம் மாதிரி தெரியும். பத்துக் குழாய் இணையாகக் கட்டினாலும் 100 ஓம்தான், மொத்தம் 100 வாட். ஆம்ப்ளிஃபயர் 100 வாட் என்றால் பத்தோடு நிறுத்த வேண்டும், பதினொன்றாவது கட்டினால் அவருக்கும் சிக்கல்தான். மைக் செட்காரர் குழாயை எண்ணிக் கட்டுவதில்லை, வாட்ஸைக் கூட்டிக் கட்டுகிறார். பார்த்தீர்களா, திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வந்தோம், கொடுக்கிற கை எவ்வளவு கொடுக்கும் என்பதுதான் கணக்கு. அந்தத் தொழில் செய்பவர்கள் பலர் இந்தக் கணக்கை மனசிலேயே போடுவார்கள், எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை.

இப்போது ஹாலுக்கு வருவோம். ஹாலில் இருக்கும் ஜோடிக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் கொடுங்கள். கம்ப்யூட்டரின் பச்சை ஜாக்கில் ஒரு பின்னை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போட்டு, ஒரு கிளை 2.1 செட்டுக்கு, இன்னொன்று புது ஆம்ப்ளிஃபயருக்கு. இங்கே பிரிப்பதில் ஆபத்து இல்லை, ஏனென்றால் ஆம்ப்ளிஃபயரின் உள்வாங்கும் பக்கம் ஆயிரக்கணக்கான ஓம், பெரும்பாலும் 10 கிலோ ஓமுக்குக் குறையாது, இரண்டு சேர்ந்தாலும் கம்ப்யூட்டருக்குச் சுமையே தெரியாது. பிரிப்பதாக இருந்தால் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் பிரியுங்கள், பின்னால் வேண்டாம். ஒயரில் இடதையும் வலதையும் மட்டும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள்.

சென்னை ரிச்சி தெருவில் கிளாஸ் டி போர்டுகள், அதாவது அதிகம் சூடாகாத வகை ஆம்ப்ளிஃபயர் போர்டுகள் கிடைக்கும். டிபிஏ3116 ஐசி போட்ட போர்டு என்றால் பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரே போதும், வீட்டு ஹாலுக்கு அது தாராளம். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை, கவனமாகக் கேளுங்கள். இந்த மாதிரி போர்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர் கிரவுண்ட் கிடையாது, பிளஸ் மாதிரியே அதிலும் சிக்னல் ஓடுகிறது. பழைய பழக்கத்தில் இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் சேர்த்து ஒரே ஒயராக இழுத்தால் வேலைக்கு ஆகாது, போர்டும் போய்விடும். ஆளுக்கு இரண்டு ஒயர், தனித்தனியாக.

ஒயரும் முக்கியம். மணி அடிக்கப் போடும் மெல்லிய ஒயர் வேண்டாம். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 5 மீட்டர் தூரம் என்றால் போக வர 10 மீட்டர், மின்தடை கால் ஓமுக்கும் குறைவு. அதே தூரத்துக்கு 0.25 போட்டால் 0.7 ஓம் அளவுக்கு வந்துவிடும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது அதிகம்.

பரணிலிருந்து இறக்கியதும் முதலில் ஓரத்து வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையமாக இருந்தால் விரல் பட்டதும் பொடிந்து உதிரலாம், காகிதக் கோன் நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றித் தரும் கடைகள் இருக்கின்றன. அப்புறம் மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 8 காட்டாது, ஆறோ ஏழோ காட்டும், 4 ஓம் என்றால் மூன்றரை போல. மீட்டர் அளப்பது காயிலின் டிசி மின்தடையை மட்டும், அதனால் குறைவாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுத்தால் கோன் வெளியே தள்ள வேண்டும், அப்போது பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். இரண்டு பெட்டியிலும் இதைப் பார்த்துக் குறியுங்கள். ஒன்று மாறிப்போனால் பேஸ் காணாமல் போகும், ஸ்பீக்கரைக் குறை சொல்வோம்.

இதெல்லாம் அவர் கேட்டதற்கு. அவர் கேட்டிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிற கேள்வி வேறு: இருக்கிற இரண்டை எங்கே வைப்பது? 1931-இல் இங்கிலாந்தில் ஆலன் ப்ளம்லைன் என்ற பொறியாளர் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதன் சாரமே இரண்டு காது, இரண்டு ஸ்பீக்கர் என்பதுதான். 1933 ஏப்ரலில் பெல் லேப்ஸ் என்ற அமெரிக்கத் தொலைபேசி ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை வாசிக்கவைத்து, தொலைபேசி லைன் வழியாக வாஷிங்டனில் ஒரு பெரிய அரங்கத்தில் ஒலிக்கவைத்தார்கள். எத்தனை சேனல் தெரியுமா? மூன்று. அவ்வளவு பெரிய அரங்கத்துக்கு மூன்று போதுமாக இருந்தது, நாம் பத்துக்குப் பத்து ரூமில் நாலு கேட்கிறோம்.

ஒரே பாட்டை ஒரே பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கரில் விட்டால் என்ன ஆகும் என்றால், ஒன்று மேசையில், ஒன்று பீரோ மேலே என்று வையுங்கள், உங்கள் காதுக்கு ஒன்று மற்றதைவிட 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் போதும், 500 ஹெர்ட்ஸ் அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். 500 ஹெர்ட்ஸ் என்பது பாடுபவரின் குரல் இருக்கும் இடம். சத்தம் கூட வேண்டும் என்று மாட்டியது குரலைக் குழியில் தள்ளுகிறது. அதனால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு போதும், வைப்பது இப்படி: இரண்டும் காதிலிருந்து சம தூரம், அவற்றுக்கு நடுவே உள்ள தூரமும் ஏறக்குறைய அதே, டிவீட்டர் (கீச்சொலி தரும் சின்னக் கோன்) இருந்தால் அது காது உயரத்தில். மானிட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்தவர்கள் இன்றைக்கே வெளியே எடுங்கள்.

இன்னொரு யோசனை, இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தப் பழைய பெட்டிகளைச் சேர்க்காமல், சின்ன ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். மீட்டர் ஆறு ஏழு காட்டினால் அது 8 ஓம், ஆம்ப்ளிஃபயருக்கு முன்பைவிட வேலை குறைவு. 8 ஓமில் வாட்ஸ் பாதியாகுமே என்றால், உண்மை. ஆனால் பெரிய கோன், பெரிய பெட்டி, அதன் சென்சிடிவிட்டி, அதாவது அதே வாட்ஸுக்கு அது தரும் சத்தம், 3 டெசிபல் கூட இருந்தாலே அந்தப் பாதி ஈடாகிவிடும், அதற்கு மேல் இருந்தால் லாபம். பாட்டில் இதுவரை கேட்காத தவிலின் அடி கேட்கும். அது பிடித்துப்போனால் பெட்டிகள் கம்ப்யூட்டருக்கு, கழற்றிய சின்ன ஜோடி புதுப் போர்டோடு அப்பாவுக்கு. பிடிக்கவில்லையா, மாற்றிக்கொள்ளுங்கள். போர்டு வாங்குவதற்கு முன் இதைச் செய்துவிட்டு, மீட்டரில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.