டப்பாவின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். முகப்பூச்சுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது, எந்தக் கிரீம் நல்லது என்று சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். தோல் மருத்துவரைக் கண்டால் கல்யாண வீட்டில்கூட எல்லாரும் கேட்பது அதைத்தான். ஆனால் பெயர் சொல்வதைவிட, வாங்குவதற்கு முன் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பது எப்படி என்று சொல்வதே உதவும் என்று பிறகு தோன்றியது.

இந்த வியாபாரத்துக்கும் நம் புதுச்சேரி, கடலூர்ப் பகுதிக்கும் பழைய உறவு உண்டு. ஷாம்புவைச் சின்ன உறையில் அடைத்து விற்ற முன்னோடிகளில் ஒருவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் கடலூரில் சிறிய முதலீட்டில் தொடங்கிய நிறுவனமே இன்றைய கெவின்கேர். பாட்டில் வாங்க முடியாத வீடுகளுக்கும் ஷாம்பு போய்ச் சேர்ந்தது அந்த உறையால்தான். இன்று ஷாம்புவோடு சீரம், சன்ஸ்கிரீன், ஃபேஸ் வாஷ் எல்லாம் சேர்ந்துகொண்டு நேரு வீதிக் கடைகளில் அடுக்கடுக்காக நிற்கின்றன. கைப்பேசியில் தட்டினால் பாகூருக்கும் பண்ருட்டிக்கும் வீடு தேடி வருகின்றன. பொருள் பெருகியது நல்லதுதான். ஆனால் உறை சிறுத்தபோது அதிலிருந்த எழுத்தும் சிறுத்துப்போனது என்பதை நாம் கவனிக்கவில்லை.

நம் நாட்டில் அழகுப் பொருள்களுக்கென 2020-ஆம் ஆண்டு முதல் தனி விதிகள் இருக்கின்றன. தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை உறையின்மேல் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளானால், இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரியோடு இங்கே பதிவு செய்த சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். இதில் பலருக்கும் தெரியாத ஓர் இடுக்கு உண்டு. உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலை, 30 கிராமுக்குக் குறைவான கிரீம்களிலும் 60 மில்லிக்குக் குறைவான திரவங்களிலும் அச்சிடத் தேவையில்லை என்று விதியே விலக்கு அளிக்கிறது. நாம் அதிகம் வாங்குவதோ அந்தச் சின்ன டப்பாவைத்தான். ஆகவே பட்டியல் இல்லாத டப்பாவில் முகவரியும் உரிம எண்ணும் இல்லையென்றால், அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். ஒரு வாரத்தில் நிறம் வரும் என்று விற்கப்படும் பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால் முகம் வெளுக்கத்தான் செய்யும். ஆனால் அது தோலோடு நிற்காமல் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. பூசியவரின் துண்டு, தலையணை வழியாக வீட்டுக் குழந்தைக்கும் சேரும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு ஒரே மருத்துவமனைக்கு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது; அந்தப் பதினைந்து பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். கண்ணோரம் பூசுபவை தவிர மற்ற அழகுப் பொருள்களில், தற்செயலாகச் சேர்ந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நம் விதி. பார்த்தோ முகர்ந்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. எனினும் ஓர் அடையாளம் உண்டு: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்று உறையில் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். பாதரசம் பட்ட தங்கம் வெளுத்துப்போகும் என்பதை எந்தப் பத்தரைக் கேட்டாலும் சொல்வார்.

அடுத்த ஆபத்து மருந்துக்கடை டியூப். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தியை அவளுடைய அம்மா என்னிடம் அழைத்து வந்தார். கன்னம் முழுக்கச் சிவப்பு. தோல் மெலிந்து, உள்ளே நூல் நூலாக இரத்தக் குழாய்கள் தெரிந்தன. தாடையோரம் பூனைமுடி அடர்ந்திருந்தது. கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்த டியூபைக் காட்டி அம்மா சொன்னார்: “போட்டா நல்லாத்தான் இருக்கு டாக்டர், நிறுத்தினாத்தான் எரியுது.” இந்த ஒரு வாக்கியமே நோயைச் சொல்லிவிடுகிறது. மங்குக்கென்று யாருக்கோ எழுதிக்கொடுத்த, ஸ்டீராய்டு கலந்த களிம்பு அது. தோழி சொன்னாள் என்று எட்டு மாதமாகப் பூசியிருக்கிறாள். இத்தகைய பூச்சுகளில் பதினான்கை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே அரசு அறிவித்தது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களோ, உறையில் சிவப்புக் கோடோ இருந்தால் அது அழகுப் பொருள் அல்ல, மருந்து. பல மாதம் பூசியவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் வர வேண்டும்.

இயற்கைப் பொருள் என்றால் பயமில்லை என்ற நம்பிக்கையும் முழுச் சரியல்ல. எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு நம் கடற்கரை வெயிலில் நின்றால் தோல் வெந்து, கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வீட்டில் அரைத்த பயத்தமாவோடு எனக்குச் சண்டை இல்லை.

உண்மையில் பெரும்பாலோருக்கு வேண்டியவை மென்மையான சோப்போ ஃபேஸ் வாஷோ ஒன்று, ஈரப்பதம் காக்கும் பூச்சு ஒன்று, சன்ஸ்கிரீன் ஒன்று, அவ்வளவுதான். சன்ஸ்கிரீனில் வெயில் காப்பு அளவைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். 30 என்றால் தோலைச் சுடும் புற ஊதா பி கதிரில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும். 50 என்றால் 98. அந்த ஒரு விழுக்காட்டுக்காக அதிக விலை கொடுப்பதைவிட, வியர்வை வழியும் இந்த ஊரில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுவதே மேல். கருவுற்ற பெண்கள் வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் கலந்தவற்றைத் தவிர்க்க வேண்டும். எந்தப் புதுப் பூச்சையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு, நாளுக்கு இருமுறையாக ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

அரிப்போ எரிச்சலோ வந்தாலும், முகமோ காலோ வீங்கினாலும், சிறுநீர் நுரைத்துப் போனாலும், பூசிய டப்பாவைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். இறுக மூடி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மருத்துவரிடம் வரும்போது கையோடு எடுத்து வாருங்கள்.