கஞ்சாவை யார் விற்பது?

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

கஞ்சாவைச் சட்டப்பூர்வமாக்கலாமா என்று கேட்டதுமே அவை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு தரப்பு "மூலிகைதானே" என்கிறது. மறுதரப்பு "பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்கிறது. இதில் கலந்துகிடப்பவை இரண்டு கேள்விகள். புகைத்தவரைச் சிறைக்கு அனுப்பலாமா? லாபத்துக்குக் கடை திறந்து விற்க விடலாமா? இரண்டுக்கும் என் பதில் "கூடாது" என்பதுதான். அதனால் இரண்டு தரப்பிடமும் திட்டு வாங்குகிறேன். பரவாயில்லை.

முதல் கேள்வியை விரைவாக முடித்துவிடலாம். போர்ச்சுகலில் 2001 முதல், சொந்தப் பயன்பாட்டுக்குக் கொஞ்சம் வைத்திருந்தால் நீதிமன்றம் கிடையாது. ஆலோசனைக் குழு ஒன்றின் முன் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். விற்றால் இன்றும் குற்றம். நாடே போதையில் மிதக்கும் என்று அப்போது பயமுறுத்தினார்கள், மிதக்கவில்லை. தண்டிக்கும் நாடுகளிலோ அடி எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. அமெரிக்காவில் வெள்ளையரும் கறுப்பரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா புகைக்கிறார்கள். ஆனால் அதை வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு, 2018 கணக்குப்படி, கறுப்பருக்கு மூன்று மடங்குக்கும் மேல்.

சரி, அப்படியானால் கஞ்சாவால் கெடுதலே இல்லையா? இருக்கிறது. பயன்படுத்துவோரில் சுமார் பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்வயதில் தொடங்கியவர்களில் சுமார் ஆறில் ஒருவர். தினமும் வீரியமான சரக்கைப் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் ஆபத்து கூடுகிறது. போதை தரும் டிஎச்சி என்ற பொருளைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டறிந்தது 1964-இல். 1990-களின் நடுவில் அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் அது சுமார் 4 சதவீதம். இருபதே ஆண்டுகளில் சுமார் 12 சதவீதம். இன்று கடையில் விற்கும் செறிவாக்கிய கஞ்சாச் சாறுகளில் 60, 70 சதவீதத்தையும் தாண்டுகிறது. "அந்தக் காலத்தில் நாங்களும் புகைத்தோம், என்ன ஆகிவிட்டது?" என்று கேட்கும் பெரியவர்கள் வேறு ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அடுத்து வியாபாரத்துக்கு வருவோம். எப்போதாவது புகைப்பவரை நம்பி எந்தக் கடையும் நடக்காது. கஞ்சா விற்பனையில் பெரும்பங்கை வாங்கித் தீர்ப்பவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு சிறு கூட்டம். அவர்கள் குறைத்துக்கொண்டால் கடைக்கு நஷ்டம். ஆக, மருத்துவர் யாரைக் குணப்படுத்த நினைக்கிறாரோ, அவரைத்தான் வியாபாரி வாடிக்கையாளராகத் தக்கவைக்கப் பார்க்கிறார். சிகரெட் கம்பெனிகளிடம் ஒரு நூற்றாண்டு பட்டது போதாதா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014-இல் கடைகள் திறந்தன. மிட்டாய் வடிவில் வந்த சரக்கைக் குழந்தைகள் சாதாரண மிட்டாய் என்று எடுத்துத் தின்று மருத்துவமனைக்குப் போனார்கள். மனிதர், விலங்கு, பழ வடிவங்களில் செய்யக் கூடாது என்ற தடை 2017-இல்தான் வந்தது. தாய்லாந்தின் கதை இன்னும் மோசம். 2022-இல் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தார்கள். ஒழுங்குபடுத்தும் முழுமையான சட்டம் வரவே இல்லை. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 2025-இல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பி வந்தார்கள்.

"தடுத்தால் கள்ளச்சந்தைதானே கொழுக்கும்?" நியாயமான கேள்வி. நெதர்லாந்தைப் பாருங்கள். காபிக்கடை என்ற பெயரில் 5 கிராம் வரை விற்பதைப் பல பத்தாண்டுகளாகக் கண்டும் காணாமல் விட்டார்கள். அந்தக் கடைக்குச் சரக்கு விளைவிப்பதும் கொடுப்பதும் குற்றமாகவே இருந்தன. வாசலில் விற்கலாம், கொல்லைப்புறமாக வாங்கினால் குற்றம்! கொல்லைப்புறம் முழுக்கக் கும்பல்கள் கைக்குப் போனது. ஆக, சரக்கு வரும் வழியையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும், ஆனால் லாபவெறி இல்லாமல்.

எனக்குப் பிடித்த வழி உருகுவே எடுத்த வழி. 2013-இல் சட்டம் போட்டார்கள். வீட்டில் ஆறு செடி வளர்க்கலாம், இல்லையென்றால் சங்கத்தில் சேரலாம், அதுவும் வேண்டாமென்றால் மருந்துக்கடையில் வாங்கலாம். எப்படியானாலும் பெயரைப் பதிய வேண்டும், மாதம் 40 கிராமுக்கு மேல் கிடையாது, விளம்பரமே கூடாது. ஜெர்மனியும் 2024-இல் இதற்குப் பக்கத்தில் வந்தது: 3 செடி, லாபநோக்கற்ற சங்கம். பொதுக் கடை இல்லை. கள்ளச்சந்தையை இவை ஒழித்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஆனால் விற்பனையைப் பெருக்கினால்தான் பிழைப்பு என்ற நிலையில் இங்கே யாரும் இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அரசு நிறுவனமே விற்கிறது. 2020-இல் வாங்கும் வயதை 21-ஆக உயர்த்தினார்கள். வியாபாரிகள் செழித்த இடத்தில் அந்த வயதை உயர்த்திப் பாருங்கள், தெரியும்.

கடைசியாக ஒன்று. கனடா 2018 அக்டோபரில் கஞ்சாவை அனுமதித்தது. ஆனால் அதற்கு முன்பு அதே கஞ்சாவை வைத்திருந்ததற்காகத் தண்டனை பெற்றவர்களின் குற்றப் பதிவு அப்படியே நின்றது. அந்தப் பதிவை ஒதுக்கிவைக்கக் கோரி, கட்டணமில்லாமல் விண்ணப்பிக்க 2019-இல் வழி செய்தார்கள். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவானவர்களே விண்ணப்பித்தார்கள். பழைய ஆவணங்களைத் தேடி எடுத்துக்கொண்டு அலைய யாருக்குப் பொழுது இருக்கிறது? எந்த நாடு சட்டத்தை மாற்றினாலும் முதல் விதியாக இதை எழுதட்டும்: பழைய வழக்குகள் தாமாகவே நீங்கும், யாரும் விண்ணப்பிக்கத் தேவையில்லை. கடை, உரிமம், வரி பற்றியெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.