மழைத்துளியை முதலில் தடுப்பது எது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

மலைச்சரிவு நிலத்தில் மண்ணைப் பெரிதும் காப்பது வரப்பும் கல்சுவருமா, சாகுபடி முறையா? சாகுபடி முறையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சொன்னார்: "தண்ணீர் ஓடினால்தானே மண் போகும்? சுவர் வைத்து மறித்துவிட்டால் வேலை முடிந்தது." ஐயா, மண் போவது அதற்கு முன்பே, துளி விழுகிற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. பெரிய மழைத்துளி மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து வெறும் மண்ணில் மோதுகிறது. கட்டி உடைந்து சிதறுகிறது. பொடிந்த நுண்மண் துளைகளை அடைத்து, மேலே ஓடு போல இறுகிவிடுகிறது. அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்க வழியேது? ஓடத்தான் செய்யும். உங்கள் சுவர் பிடிப்பதெல்லாம் ஏற்கெனவே பெயர்ந்து வந்த மண்ணைத்தான். எரு போட்டு வளர்த்த மேல்மண் வரப்போரம் வண்டலாகக் கிடந்தால், மேட்டில் நிற்கிற பயிருக்கு என்ன மிச்சம்?

நீலகிரிக்கு வாருங்கள். உருளைக்கிழங்கும் கேரட்டும் போடும் சரிவுகளில், பாரை, அதாவது செடி நடும் நீள மண்மேட்டை, மேலிருந்து கீழாக, சரிவின் போக்கிலேயே இழுக்கும் பழக்கம் உண்டு. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும் என்ற பயம். நியாயமான பயம்தான், அதை நான் மறுக்கவில்லை. அதற்காக ஒவ்வொரு பாரின் இடைவெளியையும் மண்ணை இறக்கிவிடும் வாய்க்கால் ஆக்குவதா? சரிவுக்குக் குறுக்கே, லேசான வாட்டம் கொடுத்துப் பார் பிடித்தால் தண்ணீரும் வடியும், மண்ணும் நிற்கும். உருளைக்கிழங்குக்கு இடையே பட்டை பட்டையாக பீன்ஸ் போட்டால் அதன் இலைகள் துளியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும்.

அதே மலையில் தேயிலையைப் பாருங்கள். செடிகள் நெருங்கி மூடிய தோட்டத்தில் மழை இலையில் விழுந்துதான் மண்ணைத் தொடுகிறது. ஆபத்து, செடியின் மேல்கிளைகளைக் கவாத்து வெட்டிய பிறகுதான். வெட்டிய கிளையையும் தழையையும் விறகுக்கு அள்ளிப் போகாமல் அங்கேயே பரப்பிவிட்டால், அதுவே மண்ணைப் போர்த்தும் மூடாக்கு. காசு செலவில்லை.

செங்குத்தான இடத்தில் சரிவைப் படிபடியாக வெட்டிச் சமன் செய்யும் படிமட்டம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், சரி. ஆனால் படியின் முகப்பு வெறும் மண்ணாக இருந்தால், அடைமழையில் அந்த முகப்பே இடிந்து இறங்கும். அதைக் கட்டிப் பிடிப்பது புல்லின் வேர். தாழ்வான மலைகளில் வெட்டிவேர் நட்டால், வேர் ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கும்.

இன்னொன்று, நடுவர் அவர்களே. காய்கறி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், அடுத்த ஆண்டு கையில் இருக்குமோ இருக்காதோ என்று தெரியாத நிலத்தில் கல்சுவர் கட்டுவாரா? கட்டச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் அடுத்த போகத்துக்குப் பாரைத் திருப்பிப் பிடிக்க அவரால் முடியும். அறுவடைக் கழிவை எரிக்காமல் பாத்தியில் பரப்பவும் முடியும். அவர் கைக்கு எட்டுகிற வழியின் பக்கம் நின்று தீர்ப்பு சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.