ஆலைக்குத் தீனி போடுவது சட்டம்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, தங்கைகளே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டுவிட்டு மலேசியத் திருநாட்டின் சிலாங்கூர் மாநிலம், பந்திங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து இந்த ஆலய மண்டபத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நெகிழிக் குப்பைக்கு விடிவு தரப்போவது நவீன மறுசுழற்சித் தொழில்நுட்பமா, அரசின் கொள்கையா? கொள்கைதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் அருமையாகப் பேசினார். ஆக்சிஜன் புகாத கலனில் 400 முதல் 600 டிகிரி வரை சூடேற்றினால் நெகிழி எரிவதில்லை, அதன் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து எண்ணெயாகிறது, அந்த எண்ணெயைப் பெட்ரோலிய ஆலையில், கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் நாப்தாவுக்குப் பதிலாக ஊற்றிப் புதிய நெகிழியே செய்துவிடலாம் என்றார். அவருக்குப் பின் வந்த தங்கை, போத்தல் நெகிழியைத் தின்னும் பாக்டீரியாவை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2016இல் உலகுக்கு அறிவித்ததைச் சொன்னார். பிரான்சின் கார்பியோஸ் நிறுவனம் உருவாக்கிய நொதி, பத்தே மணி நேரத்தில் பெட் எனும் அந்தப் போத்தல் நெகிழியில் 90 விழுக்காட்டைப் பிரித்துக் காட்டியதையும் சொன்னார். அத்தனையும் உண்மை. அந்த விஞ்ஞானிகளை நானும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் ஐயா, அந்தக் கலனுக்குள் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதை அண்ணன் சொல்லவில்லை. பிவிசி குழாய்த் துண்டு கலந்துவிட்டால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பி இரும்பையே அரிக்கும். பெட் போத்தல் அதிகம் சேர்ந்தால் அமிலப் பொருள்கள் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். ஈரமும் சோற்றுப் பருக்கையும் ஒட்டியிருந்தால் அதைக் காயவைக்கவே எரிபொருள் போய்விடும். நொதியின் கதையும் அப்படித்தான். அது பெட் நெகிழியைப் பிரிக்கும், பாலித்தீன் பையைத் தொடாது. நம் வீட்டு வாசலில் கட்டி வைக்கிறோமே ஒரு கறுப்புப் பை, அதில் மீன்குழம்புப் பொட்டலம், தயிர்க் கோப்பை, ஷாம்பு பாக்கெட், குழந்தையின் அரைக்கச்சை எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. அதை அப்படியே எந்த நவீன ஆலைக்குக் கொண்டுபோனாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அப்படியானால் அதைப் பிரித்துத் தரப்போவது யார்? நடுவர் ஐயா, வழக்கு இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. இயந்திரம் பிரித்துத் தராது. பிரிக்கச் சொல்லும் சட்டமும், பிரித்ததைத் தனியாக அள்ளும் லாரியும், அந்தச் செலவை யார் ஏற்பது என்ற விதியும்தான் பிரித்துத் தரும்.

இது தோட்டத்து மக்களுக்குப் புதிய பாடமில்லை. நம் தாத்தா பாட்டிகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் ஷீட்டு ரப்பரைக் கண்ணால் பார்த்துத்தான் தரம் சொன்னார்கள். 1965இல் எஸ்எம்ஆர் எனும் மலேசிய ரப்பர் தரத்திட்டம் வந்தது. உறைந்த ரப்பர்க் கட்டிப்பாலை நொறுக்கிக் கழுவிப் பாளமாக்கும் இயந்திரங்களும் அந்தக் காலத்தில்தான் வந்தன. ஆனால் வெளிநாட்டு டயர் ஆலைக்காரர் எதை நம்பி வாங்கினார்? சோதனைக்கூடச் சான்றை நம்பி வாங்கினார். எஸ்எம்ஆர் 20 என்றால் அழுக்கு 0.16 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இப்படி ஒரு விதி இருந்ததால்தான் மரப்பட்டையும் மண்ணும் கலக்காமல் பாலைக் கொண்டுவர வேண்டிய கட்டாயம் கீழே தோட்டம்வரை இறங்கியது. நெகிழிக்கும் அப்படி ஒரு விதி இறங்கட்டும் என்கிறோம்.

இப்போது பக்கத்து ஊருக்கு வருகிறேன். ஜெஞ்சாரோம் இங்கிருந்து எத்தனை தூரம் என்று உங்களுக்கே தெரியும். சீனா 2017இல் அறிவித்து, 2018இன் தொடக்கத்திலிருந்து வெளிநாட்டு நெகிழிக் குப்பைக்குக் கதவைச் சாத்தியது. அங்கே போய்க்கொண்டிருந்த கப்பல்கள் கிள்ளான் துறைமுகத்துக்குத் திரும்பின. 2018 ஜனவரி முதல் ஜூலை வரை மட்டும் இந்த நாட்டுக்குள் வந்த நெகிழிக் கழிவு 754,000 டன் என்று சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் கணக்குச் சொன்னது. ஏழே மாதம் ஐயா! செம்பனைக் காட்டுக்கு நடுவே உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. பயன்படாத மிச்சத்தை இரவில் கொளுத்தினார்கள். இருமலோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடிய தாய்மார்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள்.

அங்கே தொழில்நுட்பம் இல்லாமலா போயிற்று? அரைக்கும் இயந்திரம் இருந்தது, உருக்கிக் குருணையாக்கும் இயந்திரமும் இருந்தது. கேட்பாரும் தடுப்பாரும் இல்லாததால்தான் அந்த ஊர் மூச்சுத் திணறியது. ஊர்மக்கள் புகையைப் படமெடுத்தார்கள், மனு மேல் மனு கொடுத்தார்கள், அதிகாரிகளைக் கையோடு அழைத்து வந்து காட்டினார்கள். சட்டம் மெதுவாகத்தான் அசைந்தது, ஆனால் அசைந்தது. ஆலைகள் மூடப்பட்டன. 2020 ஜனவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ யின், 150 கொள்கலன்களில் இருந்த 3,737 டன் கழிவை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டதாக அறிவித்தார். பிரான்சுக்கு 43 கொள்கலன், பிரிட்டனுக்கு 42. செலவும் நம்முடையது அல்ல, அனுப்பியவர்களுடையது. எந்த ரசாயன ஆலை இதைச் செய்திருக்கும், எதிரணியினர் சொல்லட்டும்.

அண்ணன் ஜொகூர் பெங்கெராங்கைப் பெருமையோடு குறிப்பிட்டார். பெட்ரோனாஸ் கெமிக்கல்ஸ், பிளாஸ்டிக் எனர்ஜி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு ஆண்டுக்கு 33,000 டன் நெகிழிக் கழிவைப் பதப்படுத்தும் ஆலை கட்ட 2023இல் முடிவெடுத்தது. நல்ல முயற்சி. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2018இல் வந்த வேகத்தில் குப்பை வந்தால், அந்த ஆலை ஓர் ஆண்டு முழுவதும் தின்னக்கூடியது பத்து நாளில் வந்து குவிந்துவிடும். கதவைத் திறந்து போட்டுவிட்டு உள்ளே எத்தனை ஆலை கட்டி என்ன பயன்?

கதவைச் சாத்தியதும் கொள்கைதான். 2019 மே மாதம், நாடு விட்டு நாடு போகும் அபாயக் கழிவைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் நெகிழிக் கழிவைச் சேர்த்தார்கள். 2021இல் அது நடப்புக்கு வந்தது. இறக்குமதி செய்யும் நாடு சம்மதிக்காமல் கலப்படக் கழிவை ஏற்ற முடியாது என்ற நிலை வந்தது. 2025 ஜூலை 1 முதல், அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளிலிருந்து மட்டுமே, அரசின் தரநிர்ணய நிறுவனமான சிரிம் தரும் அனுமதியோடு மட்டுமே இறக்குமதி செய்யலாம் என்று நம் அரசு சட்டத்தை இறுக்கியது. அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். 2026 நவம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியமும், நம்மைப் போல, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பில் இல்லாத நாடுகளுக்கு நெகிழிக் கழிவு ஏற்றுமதியை நிறுத்துகிறது.

அடுத்தது பணம். தொழில்நுட்பம் நல்லதாக இருந்தால் தானாகவே வளரும் என்கிறது எதிரணி. வளர்ந்ததா? அமெரிக்காவில் ஒரேகன் மாநிலத்தில் நுரை நெகிழியை மீண்டும் மூலப்பொருளாக மாற்றிவந்த ரெஜெனிக்ஸ் ஆலை 2024இல் மூடப்பட்டது. இந்தியானாவில் பிரைட்மார்க் ஆலை 2025இல் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. தங்கை போற்றிய கார்பியோஸ்கூட, நிதி கைக்கு வராததால் தன் முதல் பெரிய ஆலையின் கட்டுமானத்தை 2024 இறுதியில் தள்ளிவைத்தது. நொதி வேலை செய்கிறது, ஆனால் ஆலை எழவில்லை. ஏன்? கச்சா எண்ணெய் விலை இறங்கும்போதெல்லாம் புது நெகிழி மலிவாகிவிடுகிறது. மறுசுழற்சி நெகிழியை யார் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்? சட்டம் சொன்னால் வாங்குவார்கள். பெட் போத்தலில் 2025க்குள் 25 விழுக்காடு, 2030க்குள் 30 விழுக்காடு மறுசுழற்சி நெகிழி இருக்க வேண்டும் என்று ஐரோப்பா விதித்தது. மறுசுழற்சி நெகிழி 30 விழுக்காட்டுக்குக் குறைந்த நெகிழிப் பொட்டலத்துக்கு பிரிட்டன் 2022இல் வரி போட்டது. சந்தையை உண்டாக்கியது இந்த விதிகள்.

அதே கொள்கை கோணலாகிவிட்டால் தொழில்நுட்பமும் கோணலாகிவிடும். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவில் 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இந்த நவீன மறுசுழற்சி ஆலைகளைக் கழிவு ஆலை என்று பார்க்காமல் உற்பத்தி ஆலை என்று வகைப்படுத்தின. கழிவுக்கான கடும் விதிகளிலிருந்து அவை தப்பின. ஐரோப்பாவோ, நெகிழியை எண்ணெயாக்கி எரிபொருளாக எரித்தால் அதை மறுசுழற்சி என்று கணக்கில் சேர்க்க முடியாது என்றது. ஒரே இயந்திரம்தான் ஐயா. ஒரு சட்டத்தின் கீழ் அது புது போத்தல் செய்யும், இன்னொரு சட்டத்தின் கீழ் புகை கக்கும்.

நம் வீட்டு நிலவரத்துக்கு வருவோம். 2019இல் இந்நாட்டின் முக்கிய நெகிழி வகைகளில் 24 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சிக்குப் போனது என்றும், ஆண்டுக்கு 110 கோடி அமெரிக்க டாலர் மதிப்பு வீணாகிறது என்றும் உலக வங்கி ஆய்வு சொன்னது. 2011இல் திடக்கழிவுச் சட்டம் 672 நடப்புக்கு வந்தபோது கெடா, பகாங், ஜொகூர் போன்ற மாநிலங்கள் அதில் சேர்ந்தன. சிலாங்கூர் சேரவில்லை. 2015 செப்டம்பரில் அந்த மாநிலங்களில் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமானபோது, பந்திங்கில் நமக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை. நம் தெருவில் பிரித்து எடுப்பவர் யார்? ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வருகிறாரே, பழைய பேப்பர் வேன்காரர், அவர்தான். சுத்தமான போத்தலையும் அட்டையையும் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறார். பைக்கும் பாக்கெட்டுக்கும் விலை கிடைக்காது, அதனால் விட்டுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பையைச் சந்தையில் இறக்கிய நிறுவனம்தான் அதைத் திரும்ப எடுக்கும் செலவையும் ஏற்க வேண்டும். உற்பத்தியாளர் பொறுப்பு என்ற இந்த விதி கட்டாயமாகி, அந்தப் பணம் வேன்காரர் கைவரைக்கும் வந்தால், அவர் பையையும் எடுப்பார், பாக்கெட்டையும் எடுப்பார். அன்றைக்குப் பெங்கெராங் ஆலைக்குத் தீனி பந்திங்கிலிருந்தே போகும்.

எதிரணி நாயகர்கள் மறுபடி எழும்போது எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். குப்பையைப் பிரிக்கச் சொல்லும் சட்டமும் இல்லாமல், வாங்கச் சொல்லும் சட்டமும் இல்லாமல், வீட்டுக் கலப்புக் குப்பையை வைத்தே லாபத்தில் ஓடுகிற ஒரு நவீன மறுசுழற்சி ஆலையை, உலகத்தில் எங்கே இருந்தாலும் சரி, பெயர் சொல்லிக் காட்டட்டும். காட்டிவிட்டால் இந்த மேடையிலேயே அணி மாறுகிறேன். காட்ட முடியாவிட்டால், நடுவர் ஐயா, தீர்ப்பை எங்கள் பக்கம் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.