நாற்பது ரூபாயும் லயத்து வீட்டுச் சாவியும்

(திரையில்: இருட்டு. நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் ஒரு ரப்பர் மரம்.)

நாளுக்கு நாற்பது ரூபாய் கூலி உயர்வு கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டீ, ரெண்டு வடை, மிச்சம் சில்லறை. இதற்காகவா வாரக்கணக்கில் கூலியே இல்லாமல் வேலைநிறுத்தத்தில் உட்காருகிறார்கள்? குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் போராட்டம் என்று செய்தி வந்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அதற்கு முன்னால் அந்த வேலை என்ன என்று பார்ப்போம்.

பால்வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறையும், பாலும் குறையும். கத்தி இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கப் பள்ளத்துக்குச் சரிந்து வர வேண்டும். பட்டையில் ஒரு மெல்லிய சீவல் மட்டும்தான் உரிய வேண்டும். ஆழம் கொஞ்சம் கூடிப்போனால் உள்தடி காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே கத்தி வைக்கவே முடியாது. ஒரு மரம் முடிந்தால் அடுத்தது, இப்படி நூற்றுக்கணக்கில். எல்லாம் வெட்டி முடித்த பிறகு அதே மேடு பள்ளத்தில் திரும்ப நடந்து, சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து வர வேண்டும். மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்கு வராமல் மரமெங்கும் வழிந்துவிடும். அன்று வெட்டு கிடையாது. குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்தோம். அந்தப் பெருமை பால்வெட்டுக்காரருக்கு வேறு மாதிரித் தெரியும்.

(திரையில்: பழைய வரைபடம். தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு ஒரு கோடு.)

சரி, இவர்கள் யார்? கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு பக்கமுள்ள அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் பலர் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். அவர்களுடைய முன்னோர் வெள்ளைக்காரன் காலத்தில் காபித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கூட்டிப்போகப்பட்ட தமிழர்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கில் இருந்தவர்கள் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று நிறுத்தி வைத்தார்கள். 1974-இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். உனக்கு எங்கே போக விருப்பம் என்று ஒப்பந்தத்துக்கு முன்னால் அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு இந்த வரலாற்றில் இன்றுவரை உறுத்துவது இதுதான்.

கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு மறுவாழ்வு என்று நீலகிரியில் தேயிலை, குமரியில் ரப்பர். இங்கே வனத்துறை வளர்த்த ரப்பர் தோட்டங்களைக் கொண்டு 1984-இல் அரசு ரப்பர் கழகம் உருவானது. 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்து முகாம்களில் இருப்பவர்களோடு இவர்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் ஏதிலியர், இவர்கள் குடியுரிமையோடு தாயகம் திரும்பியவர்கள். இவர்களுக்கு ஓட்டு உண்டு, ரேஷன் கார்டு உண்டு. இல்லாதது சொந்தமாக ஒரு சென்ட் நிலம்.

குடியிருக்கும் வீடு, அதாவது லயம் என்று சொல்கிற வரிசை வீடு, தோட்டத்தினுடையது. தோட்டத்தில் தங்கி வேலை செய்பவருக்கு வீடு தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது, நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். பிள்ளைகளில் ஒருவராவது தோட்ட வேலைக்குப் போனால்தான் கூரை தங்கும். நர்சிங் படித்த மகளை வைத்துக்கொண்டு, மகனாவது கத்தியைப் பிடிக்கட்டுமே என்று பெற்றோர் நினைத்தால், அது இந்தக் கூரைக்காகத்தான்.

பட்டா கேட்டால் என்ன? நிலம் காட்டு நிலம். 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, அதை வேறு எதற்கும் பயன்படுத்த மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். 2006-இல் வந்த வன உரிமைச் சட்டமாவது உதவுமா? பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அப்படியென்றால் 1930-லேயே இங்கே இருந்திருக்க வேண்டும். இவர்களுடைய தாத்தா பாட்டி அன்றைக்குக் கண்டிப் பக்கம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அதே மலையில் காலகாலமாக வாழும் காணிப் பழங்குடி மக்களுக்குத் திறக்கிற கதவு, இவர்களுக்குத் திறக்காது.

(திரையில்: கரும்பலகை, சாக்பீஸ்.)

இப்போது அந்த நாற்பது ரூபாய்க்கு வருவோம். ஓய்வு பெறும்போது கிடைக்கும் பணிக்கொடைக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் கூலி. எந்தக் கூலி? கடைசியாக வாங்கிய கூலி. தினக்கூலி 500 ரூபாய், 30 வருட வேலை என்று எடுத்துக்கொள்வோம். 15-ஐ 500-ஆல் பெருக்கி, அதை 30-ஆல் பெருக்கினால் 2,25,000 ரூபாய். கூலி 540 என்றால் 2,43,000. அந்த நாற்பது ரூபாய் இங்கே 18,000 ரூபாயாகிவிட்டது. வருங்கால வைப்பு நிதியும் கூலியில் 12 சதவீதம்தான். கூலி ஏறினால் அதுவும் ஏறும். கீழே இறங்கி இரண்டு சென்ட் வாங்கி ஒரு ஓட்டு வீடு கட்ட அவர்கள் கையில் இருக்கப்போகிற ஒரே பணம் இது. கூலிப் பேச்சும் வீட்டுப் பேச்சும் தனித்தனி என்று நினைப்பவர்கள் இந்தக் கரும்பலகையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பக்கத்து மாவட்டத்தை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கைக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் செத்துப்போனார்கள். அங்கே தோட்டக் கம்பெனியின் குத்தகை 2028-இல் முடிகிறது. 2024-லேயே தொழிலாளர்கள் மலையை விட்டு இறங்க வேண்டிய நிலை வந்துவிட்டது. கூலிக்காகப் போராடிய அதே ஜனம், கால் நூற்றாண்டு கழித்துக் கூரைக்காக நீதிமன்றப் படியேறியது.

குமரியில் ஒரு நல்ல விஷயம், சங்கம் புதிதில்லை. கட்சிக்கொரு சங்கம் இருக்கும், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வார்கள். ஆனால் கூலிப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனால் ஒரே பந்தலில் உட்கார்ந்துவிடுவார்கள். 2022 கடைசியில் நடந்த வேலைநிறுத்தத்திலும் அப்படித்தான். நாகர்கோவிலில் கட்டட வேலைக்கு வந்து ஓடு போட்ட அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் வடமாநிலத்துப் பையன்களுக்கு இன்னும் அப்படி ஒரு பந்தல் இல்லை. அது வேறொரு வீடியோ.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். பணிக்கொடைக்கு வருடம் எண்ணும்போது, பொதுவாக 240 நாள் வேலை செய்திருந்தால்தான் அது ஒரு முழு வருடம். தற்காலிகமாக இருந்த காலத்துச் சம்பளச் சீட்டு, மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு) நகல், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். தாயகம் திரும்பும்போது அப்பா அம்மா கண்டியில் வாங்கி வந்த குடும்ப அட்டை இன்னும் டிரங்குப் பெட்டியில் இருந்தால், அதில் இருக்கும் பெயர் எழுத்தும் உங்கள் சீட்டில் இருக்கும் பெயர் எழுத்தும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால், ஓய்வுக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறதே என்று விடாமல் இப்போதே திருத்த மனு கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீதும் கேட்டு வாங்குங்கள்.