மூன்று கோட்டும் ஒரு கணப்பும்

வணக்கம். வெளியே மைனஸ் 14. இந்தக் குளிரிலும் மண்டபம் நிறைந்திருக்கிறது. பின்னால் மேசையில் ரோல்ஸ் இருப்பது ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும், பரவாயில்லை, அதைச் சூடாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

குளிர்காலத்தில் வெளியே போய் நின்று எண்ணெய் வர்ணத்தில் படம் கீறுகிறேன் என்றால் நம்முடைய ஆட்கள் முதலில் கேட்பது "ஏன்?" என்றுதான். எங்கள் வீட்டில் இதற்கு வைத்த பெயர் வருத்தம், அதாவது நோய். "அப்பாவுக்கு வருத்தம் தொடங்கிவிட்டது" என்று மகள் சொன்னால் ரொறன்ரோவில், எங்கள் ஸ்காபரோப் பக்கம் முதல் பனி விழுந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு முன்னாலும் இந்த வருத்தம் வந்தவர்கள் நிறையப் பேர். 1868இல் பிரான்சின் லு ஆவ்ர் நகரத்துப் பத்திரிகையாளர் ஒருவர், கல்லும் பிளக்கிற குளிரில் நடந்துபோனபோது கண்டதை எழுதியிருக்கிறார். முதலில் பனியில் ஒரு கால்சூட்டுக் கணப்பு தெரிகிறது, பிறகு படம் வைக்கிற தாங்கி, பிறகு மூன்று கோட்டுகளுக்குள் புதைந்து, கையில் கையுறையோடு, முகம் பாதி விறைத்துப்போன ஒரு மனிதர். அவர்தான் பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே. அப்போது அவருக்கு 28 வயதுகூட ஆகவில்லை, கையில் காசும் இல்லை. 27 வருடம் கழித்து, 1895இல், உலகம் தெரிந்த ஓவியராகி நோர்வேக்குப் போனபோதும் அதே கதைதான்: கொட்டுகிற பனியில் நின்று வரைந்தேன், தாடியில் பனிக்கட்டி தொங்கியது, பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள் என்று கடிதம் எழுதுகிறார். வசதி வந்த பிறகும் மனுசன் உள்ளே போகவில்லை.

(தாங்கி என்று சொன்னேன். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் மழைக்குப் பறக்கிற ஈசல் ஆகிவிடுகிறது. அதனால் எனக்கு அது தாங்கிதான்.)

சரி, ஏன் எண்ணெய் வர்ணம்? தண்ணீர் வர்ணம் தூரிகை நுனியிலேயே உறைந்துவிடும், அவ்வளவுதான். எண்ணெய் வர்ணத்தைக் குழைத்திருப்பது ஆளிவிதை எண்ணெயில், அது உறைய ஏறக்குறைய மைனஸ் 20 வேண்டும். ஆனால் அதற்கு வெகு முன்னாலேயே இறுகத் தொடங்கிவிடும். ஊரில் மார்கழி விடியற்காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் வராமல், அம்மா அதை வெயிலில் வைத்துவிட்டுப் போவாரே, அதே கதை. நான் முதல் முறை ஸ்காபரோ ஓரத்து ரூஜ் பள்ளத்தாக்குக்குப் போனபோது ரியூப்கள் எல்லாம் இரவு முழுக்கக் கார் டிக்கியில் கிடந்தன. வெள்ளை ரியூப்பை அமுக்கினேன், வரவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினேன். மூடிப் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை, அடிப்பக்க மடிப்பு பிளந்து முழு வெள்ளையும் என் கையுறையில். அன்றைக்கு வரைந்தது அவ்வளவுதான். நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், என் பெட்டியைப் பார்த்து, பனிக்கட்டியில் துளைபோட்டு மீன் பிடிக்க வந்தவன் என்று நினைத்து, இங்கே மீன் இல்லையே என்று மிகவும் அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு வெள்ளை ரியூப் எப்போதும் என் உள் ஜாக்கெட் பைக்குள், நெஞ்சோடு. மற்ற நிறங்கள் இறுகினாலும் சமாளிக்கலாம், கொஞ்சம்தான் தேவை. பனிக் காட்சியில் வெள்ளைதான் கிலோக் கணக்கில் போகும். தட்டில் வைத்த பிறகும் இறுகினால் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய், ஒரே ஒரு சொட்டு. டர்பன்டைனை ஊற்றிக் கரைக்காதீர்கள், வர்ணம் மெலிந்து போய்விடும், பனிக்கு வேண்டிய தடிப்பு கிடைக்காது.

இப்படி ரியூப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு போகிற வசதியே 1841இல் வந்ததுதான். ஜோன் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர ரியூப்புக்குக் காப்புரிமை எடுத்தார். அதுவரை குழைத்த வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்துக் குத்தித்தான் எடுத்தார்கள். அதைக் கொண்டு பனிக்குள் போவதை யோசித்துப் பாருங்கள்.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, கனடாவில் இருக்கிறவர்களுக்கு நான் கோட்டுப் போடச் சொல்லித் தரத் தேவையில்லை. இரண்டு விஷயம் மட்டும். நடக்கிறவனுக்குப் போதுமான உடுப்பு நிற்கிறவனுக்குப் போதாது. குளிர் காற்றிலிருந்து மட்டும் வருவதில்லை, நிலத்திலிருந்தும் வருகிறது, அதனால் ஒரு பழைய கம்பளத் துண்டோ தடித்த அட்டையோ காலுக்குக் கீழே போட்டு அதன்மேல் நில்லுங்கள். மொனேயின் கணப்பு வேலை செய்ததும் அங்கேதான். அடுத்தது கை. தடித்த கையுறையோடு தூரிகை பிடிக்க முடியாது, வெறும் கையோடு பத்து நிமிடம் தாங்காது. ஒரு தடித்த கம்பளிச் சொக்ஸை எடுத்து, நுனியில் சின்ன ஓட்டை போட்டு, தூரிகையின் காம்பை அந்த ஓட்டையால் நுழைத்து, கையைச் சொக்ஸுக்குள் விட்டு உள்ளேயிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். பார்க்கக் கண்றாவியாக இருக்கும். ஆனால் விரல் ஐந்தும் ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டிருக்கும்.

இனித்தான் நான் உண்மையில் கதைக்க வந்த விஷயம். குளிருக்கு உடுப்பு இருக்கிறது. பனியின் நிறத்தைப் பார்க்கத்தான் ஒரு வழியும் கடையில் விற்பதில்லை.

முதல் இரண்டு வருடம் நான் பனியை வெள்ளையால் பூசினேன். நிழலுக்கு வெள்ளையில் கொஞ்சம் கறுப்பு. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. வெயில் நாளில் பனியில் விழுகிற நிழலைப் பாருங்கள். அங்கே சூரிய ஒளி போகவில்லை, ஆனால் தலைக்கு மேலே முழு நீல வானமும் இருக்கிறதே, அந்த நீலம்தான் அந்த நிழலுக்கு விளக்கு. அதனால் நிழல் நீலம், சில இடத்தில் ஊதா. வெயில் விழுகிற பக்கமோ லேசான மஞ்சள், மாலையில் ரோஜா. டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் நண்பகல் சூரியனே அடிவானத்துக்கு மேல் 23 பாகைதான் ஏறுகிறது, உச்சி வெயில் என்பதே கிடையாது, நடு மத்தியானத்திலும் உங்கள் நிழல் உங்களைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீண்டு கிடக்கும். கீறுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கோடையில் விடியவும் மாலையிலும் மட்டும் கிடைக்கிற வெளிச்சம் இங்கே பகல் முழுக்க.

இந்த நீல நிழலை 1868-69 குளிர்காலத்தில் எத்ரெத்தா என்ற ஊருக்குப் பக்கத்தில் மொனே பெரிய கன்வஸில் வைத்தார். வேலிப்படலில் ஒரு மக்பை குருவி, முன்னால் வேலியின் நிழல் நீலமாக. 1869 பாரிஸ் அரச கண்காட்சிக்கு அனுப்பினார், வேண்டாம் என்று திருப்பி விட்டார்கள். இன்றைக்கு அது பாரிஸ் ஒர்சே அருங்காட்சியகத்தில், அதற்கு முன்னால் நின்று படம் எடுக்க இடம் கிடைப்பது கஷ்டம்.

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். கத்தி நுனியில் சுத்தமான வெள்ளை வர்ணத்தை எடுத்து, அது உங்கள் உடல் நிழலில் இருக்கும்படி, வெயில் விழுகிற பனிக்கு நேராகப் பிடியுங்கள். கடையில் இருக்கிற மிகப் பிரகாசமான வெள்ளை அந்தப் பனிக்கு முன்னால் அழுக்குச் சாம்பல் நிறத்தில் தெரியும். நான் முதல் முறை பார்த்தபோது ரியூப்பில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். அதாவது பனியின் வெளிச்சத்தை நீங்கள் தொடவே முடியாது. பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுத்தான் அதை வெளிச்சமாகக் காட்டலாம்: மரத்தை எவ்வளவு இருட்டாக, நிழலை எவ்வளவு நீலமாக வைக்கிறீர்கள் என்பதில்தான் பனி பிரகாசிக்கிறதும் பிரகாசிக்காததும்.

இதற்கு நேர்மாறான ஒரு பொறியும் இருக்கிறது. படத்தின்மேல் நேரே வெயில் விழுந்தால் நீங்கள் பூசுகிற எல்லாமே வெளிச்சமாகத் தெரியும், அதனால் உங்களை அறியாமல் இருட்டாகக் கலப்பீர்கள். ஒரு நாள் பளீரென்ற காலைக் காட்சி ஒன்றைச் சந்தோசமாகக் கொண்டுவந்து வரவேற்பறையில் வைத்தேன். வந்த மச்சான் பார்த்துவிட்டு, "இரவுக் காட்சி நல்லா வந்திருக்கு" என்றார். நிழலில் வையுங்கள் படத்தை. கறுப்புக் கண்ணாடி போடாதீர்கள், நிறம் எல்லாம் மாறிப்போகும்; விளிம்பு வைத்த தொப்பி போதும்.

இந்தப் பிரச்சினையை நான் அறிந்தவரையில் மிக அழகாகத் தீர்த்தவர் ரஷ்ய ஓவியர் இகோர் கிராபார். 1904 பெப்ரவரி, மொஸ்கோவுக்குப் பக்கத்தில் டூகினோ என்ற இடத்தில் ஒரு நண்பரின் பண்ணை. வெள்ளைப் பட்டை உள்ள பேர்ச் மரங்களுக்கு நடுவே நடந்துபோனவர் கைத்தடியைத் தவறவிட்டார், அதை எடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே மேலே பார்த்தார். கீழேயிருந்து பார்த்தால் மரக் கிளைகளுக்குப் பின்னால் வானம் அடியில் வெளிர் பச்சையிலிருந்து உச்சியில் கடும் நீலம் வரைக்கும் படிப்படியாக மாறுகிறது. நிமிர்ந்தால் அது இல்லை. நாமாக இருந்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருப்போம். அவர் பனிக்குள் ஒரு மீற்றருக்கு மேல் ஆழமாகக் குழி வெட்டினார். தாங்கியையும் ஆளையும் ஒன்றாகக் குழிக்குள் இறக்கி, வெள்ளெலும்பு போன்ற அந்த மரத்தை நிலமட்டத்திலிருந்து அண்ணாந்து பார்த்தபடி இரண்டு வாரத்துக்கு மேல் வரைந்தார், அதிர்ஷ்டம், வெயில் விடாமல் அடித்தது. சுற்றிலும் பனி, அதன் பிரதிபலிப்பு படத்தில் விழுந்தால் நிறம் கெட்டுவிடும். அதனால் ஒரு குடையை நீலமாகப் பூசிப் பிடித்துக்கொண்டு, கன்வஸின் முகத்தை வானத்தின் நீலத்தைப் பார்க்கச் சரித்து வைத்தார். 141 செ.மீ. உயரமான அந்தப் படம் மொஸ்கோவில் திரெத்தியாகோவ் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. பெயரே பெப்ரவரி நீலம்தான். நானும் ஒரு முறை குழி வெட்டிப் பார்த்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. கீழே இலைச் சருகும் நெகிழிப் பையும் வந்தன.

பெரிய படம் வெளியே கீறுவதென்றால் பென்சில்வேனியாவில் எட்வர்ட் ரெட்ஃபீல்ட் என்று ஒருவர் இருந்தார், 50க்கு 56 அங்குல கன்வஸ், காற்றில் பறக்காமலிருக்க மரத்தோடு கட்டிவைத்து, முழங்கால் பனியில் நின்று ஒரே நாளில் முடிப்பார். நமக்கு அது தேவையில்லை. நம்முடைய ஆள் ஏ. வை. ஜாக்சன். நம்முடைய ஆள் என்றால் இந்த ஊர்க்காரர், எழுவர் குழு என்ற கனடிய ஓவியர் குழுவைச் சேர்ந்தவர். எட்டரைக்குப் பத்தரை அங்குலப் பலகை, மடியில் வைக்கிற பெட்டி, அவ்வளவுதான். வருடா வருடம் மார்ச் மாதம் கியூபெக்கில் சென் லோரன்ஸ் ஆற்றுக் கரைக் கிராமங்களுக்குப் போய்விடுவார், பனிச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு அவர் திரிவதைப் பார்த்துப் பனிச்சப்பாத்துப் பாதிரி என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

அவரோடு 1927இல் ஒரு நண்பர் போனார். பெயர் ஃப்ரெட்ரிக் பான்டிங். இந்த மண்டபத்தில் அந்தப் பெயருக்குக் கட்டாயம் எழுந்து நின்று கும்பிட வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன், இன்சுலினைக் கண்டுபிடித்து 1923இல் நோபல் பரிசு வாங்கிய அதே டொக்டர் பான்டிங்தான். ரொறன்ரோவில் பத்திரிகைக்காரர் தொல்லை தாங்காத மனிதர், படம் கீறுவதில் உண்மையான ஆசை. சென் ஜோன் போர் ஜொலி என்ற ஊரில் வேலி ஓரமாகக் குந்தியிருந்து கீறுகிறார், காற்று பனியை அள்ளி வர்ணப் பெட்டிக்குள் கொட்டுகிறது, விரல் மடங்கவில்லை. ஜாக்சனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாராம்: இதைப்போய் நான் நோஞ்சான்களின் விளையாட்டு என்று நினைத்தேனே!

பனி பெட்டிக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், அது உருகி எண்ணெயோடு சேர்ந்து வர்ணம் திரிந்த பால் மாதிரி ஆகிவிடும், பலகையில் ஒட்டாமல் வழுக்கும். கொட்டும்போது வரையாதீர்கள், அல்லது மரத்துக்குக் கீழே போங்கள். இன்னொன்று, எண்ணெய் வர்ணம் தண்ணீர் வற்றிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது, குளிரில் அந்த வேலை இன்னும் மெதுவாக நடக்கும். ஆகவே ஈரப் படத்தைக் கொண்டுவர இடைவெளி விட்ட பெட்டி கட்டாயம். பெட்டி வாங்க முன்பு நான் ஒரு படத்தைக் கார் பின் சீற்றில் வைத்துவிட்டு வந்தேன், அதன்மேல் மனைவி தன் புதுக் கோட்டை வைத்தார். அது பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டாம் என்று முன் வரிசையிலிருந்து கண் காட்டப்படுகிறது.

போட்டோவைப் பார்த்து வீட்டிலிருந்தே கீறினால் என்ன என்று ஒரு தம்பி வாசலில் கேட்டார். கீறலாம் தம்பி. ஆனால் கமரா எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், பனி வயலைக் காட்டினால் மங்கல் சாம்பலாகத்தான் தரும், அதைப் பார்த்து நீங்கள் சாம்பலைக் கீறுவீர்கள். அத்தோடு வீட்டில் நேரம் கூடிப்போகும். வெளியே நாற்பது நிமிடம்தான், நிழல் அதற்குள் நகர்ந்துவிடும், விரலும் போய்விடும். எந்த மரத்தை விடுவது, எந்தக் கிளை தேவையில்லை என்று யோசித்து யோசித்து நிற்க முடியாது. என்னுடைய உருப்படியான படங்களில் அநேகமானவை குளிர் தாங்காமல் பாதியில் விட்டவை.

சரி, ஒன்றைச் சுற்றி அனுப்புகிறேன். போன ஞாயிறு காலை ரூஜில் கீறியது, எட்டரைக்குப் பத்தரைதான். வலது மேல் மூலையில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரியும், அவை பனி விழுந்த அடையாளம், திருத்தவில்லை. ஓரத்தைப் பிடித்துப் பாருங்கள், அண்ணை, நடுவில் கை வைக்க வேண்டாம். வெள்ளை இன்னும் காயவில்லை.